சத்தமில்லாத காரின் மிச்சம்

எங்கள் காரில் நான்கு பேர். ஓட்டுவது அண்ணன், காரும் அவருடையதுதான். அவர் பக்கத்தில் பாய். பின்னால் நானும், ஜெலுத்தோங்கில் ஏறிக்கொள்ளும் தங்கச்சியும். நால்வருக்கும் புக்கிட் தெங்காவில் ஒரே தொழிற்சாலையில் வேலை. அண்ணன் இயந்திரப் பராமரிப்பு, பாய் ஸ்டோர், தங்கச்சி என்ஜினியர், நான் தரக்கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கோப்புகளுக்குக் காவல். அண்ணன், தங்கச்சி என்பதெல்லாம் பழகிய முறை. இரத்த உறவு யாருக்கும் யாரோடும் கிடையாது. வாரத்தில் ஐந்து நாள், காலையில் ஒருமுறை மாலையில் ஒருமுறை, தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பினாங்குப் பாலத்தை ஒன்றாகக் கடக்கிறோம். உறவு அவ்வளவுதான்.

எனக்கு எதையும் நாள், மணியோடு எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. பல் பிடுங்கிய நாள், குளிர்பெட்டி மாற்றிய நாள், ஒரு புத்தகத்தைத் தொடங்கிய நாள், அலுத்துப்போய் மூடிய நாள், எல்லாவற்றுக்கும் குறிப்பு இருக்கும். கார்ப் பயணத்துக்கென்று தனியாக ஒரு நீல அட்டை நோட்டு. புறப்பட்ட மணி, பாலத்தில் மழையா வெயிலா, தொழிற்சாலையில் பஞ்ச் அடித்த மணி, வெள்ளிக்கிழமை டின்னில் விழுந்த தொகை. டின் என்பது கியருக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் பழைய பிஸ்கட் டின், பெட்ரோலுக்கான உண்டியல். அண்ணன் உட்பட ஆளுக்குப் பதினைந்து வெள்ளி. பழைய கார் அந்த அறுபது வெள்ளியையும் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்கிற ரகம்.

"அக்கா, நான் கொட்டாவி விட்டதையும் எழுதிட்டீங்களா?" என்று தங்கச்சி கேட்பாள்.

"ரெண்டு தடவ. பாலத்துக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்பேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் தேர்வுக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் மேட்டில் நிறுத்தி எடுக்கும் இடத்தில் கார் பின்னோக்கி உருண்டது. இரண்டாவது முறை, கீழே நின்றிருந்த அதிகாரி கையிலிருந்த அட்டையைப் போட்டுவிட்டு ஓடினார். அன்றோடு விட்டுவிட்டேன். ஆகவே அந்தப் பின் இருக்கை போனால் நான் நாலரை மணிக்கு எழ வேண்டும். பெர்ரி, அப்புறம் கொமுட்டர் ரயில், அப்புறம் லாரிகளுக்கு ஓரமாக நடை.

இன்னொன்று. அண்ணன் வீடு ஆயர் ஈத்தாமில். அங்கிருந்து அவர் நேராகப் பாலத்துக்குப் போய்விடலாம். எனக்காகவும் பாய்க்காகவும் நகரத்துக்குள் வந்து, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை முனையில் ஆறு பத்துக்கு நிற்பார். நான் குவீன் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். பாய்க்குப் பள்ளிவாசலுக்குப் பின்னால் சந்து. எங்கள் இருவரின் காலை நேரமும் அண்ணனுடைய மனசில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

பழைய கார் படுத்தது சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்த முதல் செவ்வாய், காலை ஆறு நாற்பத்திரண்டுக்கு, பாலத்தின் நடு முதுகில். முன்னால் வெள்ளையாக ஆவி எழும்பியது. "மேகத்துக்குள்ள வந்துட்டோம்" என்றார் பாய். இழுத்துக்கொண்டு போய், ஏதோ ஊற்றி, ஏதோ மாற்றி, இன்னும் ஏழு வாரம் ஓட்டினோம். அந்த ஏழு வாரமும் காருக்குள் நாடாளுமன்றம்தான். அண்ணன் புதுக் கார் வாங்கப்போகிறார். ஹைபிரிட் வாங்கலாமா கூடாதா என்பது தீர்மானம்.

எதிர்க்கட்சித் தலைவர் பாய். "அண்ணே, நம்ம ஊர்ல பெட்ரோல் ஸ்டேஷன்ல ஐசி அட்டையத் தட்டுனா மானிய விலையில எண்ணெ கொட்டுது. அதுல மிச்சம் புடிக்க இருபதாயிரம் வெள்ளி கூடக் குடுக்கிறது, கறிவேப்பில வாங்க டெக்சி புடிச்சு தைப்பிங் போற மாதிரி."

"காசு காசுன்னே பேசாதீங்க பாய். பூமிய நெனச்சுப் பாருங்க. ஜேம்ல நிக்கிறப்ப ஹைபிரிட் காடி புகையே விடாது. இன்ஜின் தானா நின்னுக்கும்" என்றார் அண்ணன்.

"பூமியத் தோண்டித்தானே அண்ணே பேட்டரி செய்றாங்க?" என்றாள் தங்கச்சி. "எங்கயோ ஒரு ஊர்ல மலைய ஒடைக்கிறாங்க. நம்ம வாசல்ல இருக்கிற புகைய அள்ளி அவங்க வாசல்ல கொட்டுறோம். கொஞ்சம் கம்மியா கொட்டுறோம், அவ்ளோதான்."

"அப்ப முழுசா கரண்ட் காடியே வாங்கிடுங்க" என்றார் பாய்.

"சார்ஜ் போட மறந்தா? உங்க போனே பத்து மணிக்குச் செத்துப்போயி, என் போன வாங்கித்தான் வீட்டுக்குப் பேசுறீங்க" என்றார் அண்ணன்.

நான் படித்ததைச் சொன்னேன். புதிதாக ஒரு கார் செய்வதற்கே நிறைய எரிபொருள் போகிறது. ஆகவே ஓடுகிற பழைய காரை ஓடும்வரை ஓட்டுவதும் பூமிக்கு ஒரு உபகாரம்தான். இதைச் சொல்லி முடிக்கும்போது சிக்னலில் பச்சை விழுந்தது. பழைய கார் இரண்டு முறை இருமி, நின்றது. பின்னாலிருந்த பஸ்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை.

"அக்கா உபகாரம் பண்ணிட்டாங்க. எறங்கித் தள்ளுங்க" என்றார் அண்ணன்.

நோட்டின் நடுப்பக்கத்தில் கோடு போட்டு, இடப்பக்கம் நன்மை, வலப்பக்கம் தீமை என்று எழுதி வந்தேன். நகரத்து நெரிசலில் நல்ல மிச்சம், பாலத்தில் சீராகப் போகும்போது அவ்வளவு இல்லை. பிரேக் சீக்கிரம் தேயாது, இன்சூரன்ஸ் கட்டணம் அதிகம். பேட்டரிக்கு எட்டு வருடம் உத்தரவாதம், கார்க் கடனுக்கு ஒன்பது வருடம். கடைசி ஒரு வருடத்தைப் பற்றி விற்பனைக்காரர் பேச்சையே மாற்றினாராம். அண்ணன் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"இதுல எது ஜெயிக்குதுக்கா?"

"இன்னும் கூட்டிப் பார்க்கல."

"பாருங்க, பாருங்க" என்றார். அடுத்த திங்களே வாங்கிவிட்டார். மனிதர்கள் முடிவெடுத்த பிறகுதான் யோசனை கேட்பார்கள் என்பது என் நோட்டில் வேறு சில தலைப்புகளிலும் பதிவாகியிருக்கிறது.

அவர் வாங்கியதற்கு உண்மையான காரணம் பூமி அல்ல, மாமியார் என்பது எங்களுக்குப் பிற்பாடு தெரியவந்தது. மாமியாரின் படுக்கையறை ஜன்னல் கார் நிறுத்துமிடத்துக்கு நேர் மேலே. பழைய கார் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தில் ஜன்னல் திறக்கும். "மாப்ள, வரும்போது..." என்று பட்டியல் இறங்கும். திருக்கை மீன், வெற்றிலை, மூட்டு வலித் தைலம், அதுவும் பச்சை மூடி போட்டதுதான். ஹைபிரிட் கார் காலையில் சத்தமே இல்லாமல் பேட்டரியில் நழுவும். முதல் ஒன்பது நாள் அண்ணன் முகத்தில் ஒரு விடுதலைக் களை இருந்தது.

பத்தாம் நாள், நான்கு பேரும் காரில் இருக்கும்போது, கார் ஸ்பீக்கரில் ஒரு குரல் பதிவு தானாக ஒலித்தது. "மாப்ள, இன்னைக்கும் பூன மாதிரி போயிட்டீங்களா? பரவால்ல. வரும்போது திருக்கை மீன் வாங்கிட்டு வாங்க. போன வாரம் வாங்குனது நாறிப்போச்சு." போனை எப்படித் துண்டிப்பது என்று தெரியாமல் அண்ணன் ஸ்டியரிங்கில் இருந்த பட்டனையெல்லாம் அழுத்தினார். வைப்பர் ஓடியது. அந்தப் பதிவு மறுபடி முதலிலிருந்து ஒலித்தது.

"சுற்றுச்சூழல் பேசுது அண்ணே, பதில் சொல்லுங்க" என்றாள் தங்கச்சி.

பூஜை போட்ட அன்றும் இந்தச் சத்தமில்லாமைதான் வம்பு செய்தது. கோயில் வாசலில் கார் மாலை போட்டு நின்றது. நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம். ஐயர் கற்பூரம் காட்டி, "ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி" என்றார்.

"ஆயிருச்சு சாமி."

"எங்க ஆச்சு?"

"ஆயிருச்சு சாமி, இது அப்படித்தான்."

ஐயர் பானெட்டில் காதை வைத்துக் கேட்டார். "ஒண்ணும் வரலையே. நல்ல நேரம் போகுது, பேட்டரி வீக்கா இருக்கும், தள்ளித்தான் பாருங்களேன்." தள்ளவா? புதுக் காரையா? அண்ணனுக்கு ரோஷம் வந்து ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டார். கார் மூச்சுவிடாமல் முன்னே நகர்ந்தது. எலுமிச்சம்பழம் வெடித்து, சாறு ஐயர் வேட்டியில் கோலம் போட்டது. அவர் துள்ளிய உயரத்தைக் குறிக்க என்னிடம் அளவுகோல் இல்லை. கேட்டுக்கு வெளியே கைகட்டி நின்றிருந்த பாய், "சாமி, ஒங்களுக்கே தெரியாம பூஜ முடிஞ்சிருச்சு" என்றார்.

பிறகு எல்லோரும் படம் எடுத்து, கேசரி சாப்பிட்டு, கைகழுவி வந்தோம். அரைமணி நேரம் ஆகியிருக்கும். ஆளில்லாமல் நின்ற கார் திடீரென்று தானாக உறுமியது. அண்ணன் அணைக்கவே இல்லை. ஏர்கோன் ஓடி ஓடிப் பேட்டரி இறங்கியதும் இன்ஜின் தானாக விழித்துக்கொண்டது. ஐயர் இரண்டாம் முறை துள்ளினார்.

அதற்கப்புறம் அண்ணனுக்கு எண் பைத்தியம் பிடித்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு திரை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அதில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். பதினெட்டு என்றால் அண்ணன் வாடுவார். இருபது என்றால் பாட்டு வரும். இருபதைக் காப்பாற்ற ஏர்கோனை ஒரு புள்ளிக்கு இறக்கினார். நாங்கள் வேர்வையோடு பாலத்தைக் கடந்தோம். இடது ஓரத்தில் அறுபதில் உருட்டினார். சிமெண்டு லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனபோது அதன் டிரைவர் ஜன்னல் வழியே எங்களை அனுதாபத்தோடு பார்த்தான். இந்த வேகத்துக்கு ஈடுகட்ட, முனையில் நிற்கும் நேரம் ஆறு பத்திலிருந்து ஆறு மணி ஆனது. அப்படியும் மூன்று வாரத்துக்குள் மூன்று நாள் பஞ்ச் கார்டில் சிவப்பு விழுந்தது.

"பாய், அந்தச் சாப்பாட்டு அடுக்குல என்ன, செங்கல்லா? காடிக்கு வெயிட்டு ஏறுது" என்பார் அண்ணன்.

"நாலு அடுக்கு அண்ணே. வேணும்னா கீழ் அடுக்கு கறிய இப்பவே சாப்புட்டுர்றேன்."

"சாப்புட்டா மட்டும் வெயிட்டு எங்க போகும்?"

புதுக் காரின் மூன்றாவது வெள்ளிக்கிழமை டின் வந்தது. நான் பதினைந்து போட்டேன், தங்கச்சி பதினைந்து. பாய் ஒரு ஐந்து வெள்ளி நோட்டை விரித்துப் போட்டார். அதன்மேல் இரண்டு ஒரு வெள்ளி. அதன்மேல் ஐம்பது காசு நாணயம், டங்கென்று.

"என்ன பாய் இது?"

"ஏழரை. எண்ணெ பாதியா கொறஞ்சிருச்சுல்ல அண்ணே? நீங்களே தெனமும் சொல்றீங்க, இருபது இருபதுன்னு. அப்ப பங்கும் பாதிதானே?"

"ஏழரைய எடுத்து என் புதுக் காடியிலயே ஏத்திட்டீங்களே பாய்!" என்று அண்ணன் முதலில் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். "மிச்சம் யாரோடது? இருபதாயிரம் கூடக் குடுத்தது யாரு? பேங்குக்காரன் ஒங்ககிட்டயா வர்றான்?"

"இருபதாயிரம் நீங்க குடுத்தீங்க. பத்து நிமிசம் முன்னாடி எந்திரிச்சது யாரு? ஏர்கோன் இல்லாம வெந்தது யாரு? அந்த இருபத நாங்களும் சேர்ந்துதான் அண்ணே வேர்த்துக் கொண்டு வந்தோம்."

உண்மையைச் சொன்னால், இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை முற்றியது. ஒரு பக்கம் அநியாயம் என்றால் ஒருவராவது வெட்கப்பட்டு நிறுத்துவார். தங்கச்சி நடுவில் புகுந்து, மிச்சத்தைப் பேட்டரி நிதியாக வைக்கலாம் என்றாள். "எட்டு வருசம் கழிச்சு இந்தக் காடியில நான் இருப்பேனோ என்னமோ, நான் எதுக்குப் பேட்டரிக்குக் குடுக்கணும்?" என்றார் பாய். "அப்ப எறங்கிக்குங்க" என்று அண்ணன் வாயிலிருந்து வந்துவிட்டது.

"எறங்கிக்கிறேன். எனக்கு பைக்கு இருக்கு."

"எனக்கும் மிச்சம்தான். நான் எதுக்கு டவுனுக்குள்ள சுத்தி வரணும்? நேராப் பாலத்துக்குப் போறேன்."

நேராகப் பாலத்துக்கு. அந்த நேரத்தில் அண்ணன் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார், பிறகு பார்க்காதது போல் இருந்தார். தான் மட்டும் எதற்கு அவரோடு போவது என்று தங்கச்சி தன் அப்பாவின் பழைய காரை வெளியே எடுப்பதாகச் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மணி ஆறு ஐம்பத்தொன்று, பாலத்தின் மேல், லேசான தூறல்.

திங்கட்கிழமை நாலரைக்கு எழுந்தேன். படகுத்துறைக்கு நடந்தேன். பெர்ரியில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் பகுதியில், ஹெல்மெட்டைக் கழற்றாமல், பழைய பைக்கைக் குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டு பாய் நின்றிருந்தார்.

"அக்கா! நீங்களுமா?"

"எனக்கு வேற எது இருக்கு?"

"எட்டு வருசமா இத எடுக்கல. ஸ்டார்ட்டு பண்ணவே இருபத்தோரு ஒத. முழங்காலு போச்சு. இருந்தாலும் கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்லக்கா?"

"ஏழரை வெள்ளிக் கொள்கையா?"

"நீங்களும் கேலி பண்ணுங்க." பைக்கில் சாப்பாட்டு அடுக்கைக் கட்டியிருந்த கயிற்றை இறுக்கினார். "அண்ணன் தனியாப் போறாரு. அந்த எக்ஸ்பிரஸ்வே திரும்புற எடத்துல வலப்பக்கம் பாக்க மாட்டாரு. நான்தான் சொல்லுவேன்."

அன்று நான் தொழிற்சாலைக்குள் நுழைந்தது ஏழு இருபத்தெட்டுக்கு, சிவப்பு விழ இரண்டு நிமிடம் இருக்கும்போது. வாரம் முழுவதும் அப்படித்தான். இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்டவர்களிடமெல்லாம் அந்தப் பயணத்தை நரகம் என்று சொன்னேன். கால் வீங்கிவிட்டது என்றேன். நோட்டில் எழுதியிருப்பது வேறு. "செவ்வாய்: கடல் அமைதி. காற்று. நாற்பது பக்கம் படித்தேன்." "புதன்: ரயிலில் இடம் கிடைத்தது. முப்பத்தாறு பக்கம்." பெர்ரியும் ரயிலும் நான் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடுகின்றன, என்னால் கூடுதலாக ஒரு சொட்டு எண்ணெய் எரியவில்லை. பூமிக்கு எது நல்லது என்று ஏழு வாரம் விவாதித்தோமே, அதற்கான விடை படகுத்துறையில் அவ்வளவு காலமும் கட்டிக் கிடந்திருக்கிறது. ஆனால் அந்த விடைக்கு நாலரை மணிக்கு எழ வேண்டும். நான் பூமியை நேசிக்கிறேன், ஐந்தரைக்கு மேல்.

வாரத்தின் நடுவில் ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்தார்கள். முதலில் தங்கச்சி. அப்பாவின் கார் குடிக்கிற குடி தாங்கவில்லை, மூன்றே நாளில் நாற்பது வெள்ளி. "அக்கா, அந்த ரெண்டு பேரையும் ஏதாவது பண்ணுங்கக்கா." பிறகு பாய், ஸ்டோர் ரசீது கொடுப்பது போல வந்து, "ஒங்க நோட்டுல எல்லாம் இருக்குல்ல? கணக்கு என்ன சொல்லுதுன்னு நீங்களே சொல்லுங்க, நான் கட்டுப்படுறேன்" என்றார். கடைசியில் அண்ணன்.

"இருபத்தி மூணு அக்கா! ஒத்த ஆளா, டவுனுக்குள்ள வராம போனா, இருபத்தி மூணு வருது!"

"நல்லது அண்ணே."

"நேத்து பாலத்து எறக்கத்துல இருபத்தஞ்சத் தொட்டுட்டு வந்துச்சு." மேசை மேலிருந்த ஸ்டேப்ளரைத் திறந்து மூடினார். "பாக்கத்தான் ஆளு இல்ல."

அந்த ஒரு வாக்கியத்தில் என் இருக்கை திரும்பிவந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் எல்லோரும் முகம் கெடாமல் உட்கார ஒரு சாக்கு வேண்டும். நான் சொன்னேன்: "கணக்கப் படிக்கிறேன். ஆனா காருக்குள்ளதான் படிப்பேன். நாலு பேரும் அவங்கவங்க எடத்துல உக்காரணும்." ஏன் காருக்குள் என்று யாரும் கேட்கவில்லை. ஆவணக் காப்பாளர்களுக்கு இந்த வசதி உண்டு. எதையாவது கண்டிப்பாகச் சொன்னால் அது விதிமுறை என்று நம்பிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஐந்தரைக்கு, தொழிற்சாலைக் கார் நிறுத்துமிடத்தில், நால்வரும் ஏறி உட்கார்ந்தோம். பாய் அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார். அண்ணன் நேராகப் பார்த்தார். நான் நோட்டைத் திறந்தேன்.

"பழைய காடி, வாரத்துக்கு அறுபது. இது, முப்பது. மிச்சம் முப்பது. தலைக்கு ஏழரை."

"நான் சொன்னேன்ல?" என்றார் பாய்.

"இருங்க. இந்த முப்பதையும் அண்ணனே எடுத்துக்கிட்டா, கூடக் குடுத்த இருபதாயிரம் திரும்பி வர ஏறக்குறைய பதிமூணு வருசம். அப்ப அண்ணனுக்கு வயசு அறுவத்தாறு."

"அதுவரைக்கும் நான்தான் ஒங்களையெல்லாம் ஓட்டிட்டுப் போகணுமா?" அண்ணன் குரலில் உண்மையான பயம் இருந்தது.

"பேட்டரிக்கு உத்தரவாதம் எட்டு வருசம்தான்" என்று ஞாபகப்படுத்தினாள் தங்கச்சி.

"இந்த வாரம்" என்று பக்கத்தைத் திருப்பினேன். "அண்ணன் காடி தனியா, தங்கச்சி அப்பா காடி தனியா, பாய் பைக்கு தனியா. மூணுக்கும் சேர்த்து எண்ணெ நூறு வெள்ளிக்கு மேல. பழைய காடி நாலு பேரையும் ஏத்திக்கிட்டுக் குடிச்சதவிட இது ஒண்ணரை மடங்குக்கும் கூட. பூமிக்கு நல்லதுன்னு ஒரு காடி வாங்கி, பாலத்துல ஒண்ணுக்கு மூணா வண்டி விட்டிருக்கோம்."

தொழிற்சாலைச் சங்கு ஊதி ஓய்ந்தது. அந்த அமைதியில் கார் திடீரென்று தானாக உறுமியது. நால்வரும் ஒரே நேரத்தில் துள்ளினோம். பாயின் அடுக்கு சரிந்து மூடி உருண்டது.

"ஆஃப் பண்ணலையா அண்ணே?"

"ஆஃப்னு நெனச்சேன்..."

தங்கச்சிதான் முதலில் சிரித்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எலுமிச்சம்பழம் இருந்தா வைங்க, இப்பவே இன்னொரு பூஜ போட்டுருவோம்" என்றார்.

சிரிப்பு அடங்குவதற்குள் என் தீர்மானத்தைச் சொல்லிவிட்டேன். ஆளுக்குப் பதினைந்தே தொடரட்டும். எண்ணெய்க்குப் போக மிச்சம் முப்பது வெள்ளி அண்ணனுக்கும் வேண்டாம், பாய்க்கும் வேண்டாம், பேட்டரிக்கும் வேண்டாம். தலைக்கு ஏழரை என்றால் இரண்டு ரொட்டி சானாய், நுரைக்க ஆற்றிய ஒரு தே தாரே, பசி இருந்தால் ஒரு முட்டையும் சேரும். வெள்ளிக்கிழமை வீடு திரும்பும்போது பள்ளிவாசல் சாலைப் பக்கம் உட்கார்ந்து அதைத் தின்றுவிடுவோம். மிச்சம் என்று ஒன்று இருந்தால்தானே சண்டை.

"ஏர்கோன்?" என்றார் பாய், கடைசிப் பேரமாக.

"மூணு புள்ளி" என்றார் அண்ணன்.

"நாலு."

"மூணரை இல்லையே இதுல... சரி, நாலு. திரும்புற எடத்துல வலப்பக்கம் பார்த்துச் சொல்லுங்க."

நோட்டில் இருந்த இரண்டு விஷயங்களை நான் படிக்கவில்லை. ஒன்று, பெர்ரிப் பக்கங்கள். மற்றொன்று, சாதாரணப் புதுக் கார் ஒன்று வாங்கியிருந்தாலே இந்த மிச்சத்தில் பாதி வந்திருக்கும் என்ற கணக்கு. அது சரியான கணக்கு, இரண்டு முறை சரிபார்த்தது. ஆனால் பாய் அதை வைத்துக்கொண்டு அறுபத்தாறு வயது வரை அண்ணனை விடமாட்டார்.

முதல் வெள்ளிக்கிழமை விருந்துக்கு மாலை ஆறு பத்துக்குக் கடையில் உட்கார்ந்தோம். கார் நிறுத்த இடமில்லை. அண்ணன் சந்து முனையில் மஞ்சள் கோட்டின் மேலேயே நிறுத்திவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ரொட்டி வந்தது. பாய் குழம்பு சரியில்லை என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு மூன்றாவது ரொட்டி கேட்டார். தங்கச்சி தன் பங்கில் இனிப்பாக ஒரு ஐஸ் கச்சாங் உண்டா என்று கேட்க, அது ஏழரைக்குள் வராது என்று மூவரும் சேர்ந்து மறுத்தோம். மாமியார் அழைத்தார். அண்ணன் தைரியமாக, "மீட்டிங்ல இருக்கேன் அத்த" என்றார்.

ஆறு ஐம்பத்தைந்துக்கு, சந்து முனைப் பக்கமிருந்து ஒரு உறுமல் கேட்டது. ஆளில்லாத கார், ஏர்கோன் நாலாவது புள்ளியில், நாற்பத்தைந்து நிமிடமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பாய் என்னைப் பார்த்தார். தங்கச்சி தேநீர்க் குவளைக்குள் பார்த்தாள். அண்ணன் மட்டும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "எவனோ காடிய ஆஃப் பண்ணாம விட்டுட்டுப் போயிருக்கான் பாருங்க. இவனுங்களாலதான் பூமி கெடுது" என்றார்.

பாய் வாயைத் திறந்தார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். அவர் வாயில் ரொட்டியைப் போட்டுக்கொண்டார்.

அன்றைய குறிப்பு இப்படி இருக்கிறது: "வெள்ளி. மழை இல்லை. நால்வரும் வந்தோம். மிச்சம் முழுவதும் செலவாகிவிட்டது."